நேரம் யாருடைய ஹக்?

தொழுகை ஒரு நேர மேலாண்மைப் பயிற்சி என்கிறார்கள். ஜும்ஆ பயானில், இளைஞர் முகாமில், ஊக்கப் பேச்சு மேடையில், வாட்ஸ்அப்பில் சுற்றும் காணொலியில் என்று எங்கு திரும்பினாலும் இதே பேச்சுதான். சுப்ஹுக்கு எழுகிறவனுக்கு நாள் நீள்கிறது. ஐவேளைத் தொழுகை அந்த நாளைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுக்கிறது. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வேலையை ஒதுக்கிக்கொள்ளலாம். நடுநடுவே தொழுவதால் மூளை களைப்பாறுகிறது. ரமலான் நோன்பு மனதைக் கட்டுக்குள் கொண்டுவருகிறது. ஆக, ஒழுங்காகத் தொழுகிற ஊழியர் மற்றவர்களைவிட நன்றாக வேலை செய்வார், சீக்கிரம் பதவி உயர்வும் பெறுவார். இதே வாதத்துக்கு ஒரு வாலும் உண்டு: முஸ்லிம்கள் பின்தங்கிக் கிடப்பதற்குக் காரணம், நேரத்தின் அருமை தெரியாமல் டீக்கடையிலும் கைப்பேசியிலும் அதைத் தொலைப்பதுதான்.

இதற்கு ஆதாரமே கிடையாது என்று தள்ளிவிட முடியாது. ஆரோக்கியம், ஓய்வு நேரம் ஆகிய இரண்டு அருட்கொடைகளின் விஷயத்தில் மனிதர்களில் பலர் ஏமாந்துபோகிறார்கள் என்ற கருத்தில் ஒரு நபிமொழி புகாரியில் இருக்கிறது. காலத்தின் மீது சத்தியமிட்டுத் தொடங்கும் ஓர் அத்தியாயம் குர்ஆனில் இருக்கிறது. தம் சமுதாயத்தின் அதிகாலைப் பொழுதில் பரக்கத் செய்யும்படி நபிகள் நாயகம் (ஸல்) துஆ கேட்டதை அபூதாவூதும் திர்மிதியும் பதிவு செய்திருக்கிறார்கள். ஒருவர் ஒரு வேலையைச் செய்தால் அதைச் செம்மையாகச் செய்வதை இறைவன் விரும்புகிறான் என்ற அறிவிப்பும் உண்டு. அதன் அறிவிப்பாளர் தொடரைப் பற்றி ஹதீஸ் அறிஞர்களிடையே பேச்சு இருந்தாலும், பொருளை மறுப்பவர் இல்லை. அளவையில் மோசடி செய்கிறவர்களை எச்சரிக்கும் 83ஆம் அத்தியாயத்தை, அலுவலக நேரத்தைத் திருடும் ஊழியருக்குப் பொருத்திப் பேசுவதும் வழக்கம். பேசுகிறவர்களின் நோக்கத்திலும் குற்றமில்லை. அலுவலகத்தில் தொழக் கூச்சப்படும் இளைஞனுக்கு இந்தப் பேச்சு தெம்பு தருகிறது. மேலாளரிடம் பத்து நிமிடம் கேட்கப் போகிறவன் கையில் ஒரு வாதத்தைக் கொடுத்து அனுப்புகிறது.

ஆனாலும் இந்த வாதம் தவறு. ஓரத்தில் எங்கோ ஒரு பிசகு என்றால் விட்டுவிடலாம். இது அஸ்திவாரத்திலேயே தவறு. இஸ்லாமிய சட்ட மரபில் வேலை நேரம் என்பது இரண்டு பேருக்கு இடையிலான ஒப்பந்தத்தின் பொருள். யாருக்கு யாரிடம் என்ன ஹக், என்ன உரிமை இருக்கிறது என்பதுதான் அங்கே எழும் கேள்வி. நம் பேச்சாளர்கள் அந்த இருவரில் கூலி கொடுப்பவரை மேடையை விட்டு இறக்கிவிட்டு, மிச்சமிருக்கும் ஊழியரிடம் மட்டும் நல்லொழுக்கம் பேசுகிறார்கள். இதனால் மார்க்கத்துக்கும் நஷ்டம், உழைப்பாளிக்கும் நஷ்டம். எப்படி என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

1. தராசை யார் கையில் கொடுத்தீர்கள்? 2024 ஆகஸ்ட் கடைசியில் அசாம் சட்டமன்றம், ஜும்ஆவுக்காக வெள்ளிக்கிழமைதோறும் விட்டுவந்த இரண்டு மணி நேர இடைவேளையை எடுத்துவிட்டது. 1937இல் அன்றைய மாகாண ஆட்சித் தலைவர் சையத் சாதுல்லா காலத்தில் தொடங்கிய வழக்கம் அது. முதலமைச்சர் ஹிமந்த பிஸ்வ சர்மா அதை வரவேற்றபோது சொன்ன காரணங்களில் காலனிய மிச்சத்தைக் களைவது ஒன்று, உற்பத்தித்திறன் இன்னொன்று. அதற்கு முந்தைய டிசம்பரில் மாநிலங்களவையிலும் இதே போன்ற பேச்சு எழுந்தது. வெள்ளிக்கிழமை பிற்பகல் அமர்வு 2.30 மணிக்குப் பதில் 2 மணிக்கே தொடங்குவது ஏன் என்று திமுகவின் திருச்சி சிவா கேட்டார். மக்களவையின் நேரத்தோடு பொருந்துவதற்காக என்று அவைத்தலைவர் பதில் சொன்னார். அசாமில் தொழுகையை நிறுத்துப் பார்த்த தராசு இதுதான்: வேலை எவ்வளவு நடக்கிறது என்பது. இப்போது நம் பயானைக் கேளுங்கள். தொழுகையால் வேலை குறையாது, கூடும் என்கிறது. எதிராளி தொழுகையை ஒரு தட்டில் வைத்து எடை குறைகிறது என்கிறார். நாம் அதே தட்டில் வைத்து எடை கூடுகிறது என்கிறோம். தொழுகையை அந்தத் தராசில் ஏற்றியது சரியா என்று இருவருமே கேட்கவில்லை. அந்தத் தராசை ஒப்புக்கொண்ட பிறகு மீதி எல்லாம் முள் எந்தப் பக்கம் சாய்கிறது என்ற வெறும் கணக்கு. நாளைக்கு ஓர் ஆய்வு வந்து, தொழுகைக்குப் போகிற ஊழியரால் நிறுவனத்துக்கு மணிக்கு இவ்வளவு ரூபாய் இழப்பு என்று காட்டினால், நாம் எந்த முகத்தோடு மறுப்போம்? உற்பத்திக்கு உதவுகிறது என்பதால் கடமை என்று சொன்னவர், உதவவில்லை என்று நிரூபணமானால் கடமை இல்லை என்றும் சொல்ல வேண்டிவரும். அப்படிச் சொல்ல எந்த ஆலிமும் துணியமாட்டார். துணியமாட்டார் என்றால் முதல் வாதமே வெறும் விளம்பரம் என்று ஆகிறது.

2. சரி, அந்தத் தராசிலேயே நிறுத்துப் பார்த்தால் என்ன தெரிகிறது? தொழுகையும் நோன்பும் வேலைத்திறனை உயர்த்துகின்றன என்பதற்கு ஆய்வுகளே சாட்சி என்று சொல்வார்கள். பெரும்பாலும் அவர்கள் குறிப்பிடுவது இஸ்லாமியப் பணி ஒழுக்கம் பற்றிய ஆய்வுகளை. 1988இல் அப்பாஸ் அலி என்ற பேராசிரியர் 46 கூற்றுகள் கொண்ட ஒரு கேள்வித்தாளை உருவாக்கினார். பிறகு அதன் 17 கூற்றுச் சுருக்கம் பரவலாகப் பயன்பாட்டுக்கு வந்தது. வளைகுடாவிலிருந்து மலேசியா, இந்தோனேசியா வரை மேலாண்மைத் துறைகள் இதை வைத்து ஆய்வுக் கட்டுரைகளை எழுதிக் குவித்திருக்கின்றன. சோம்பல் தீயது, உழைப்பில் ஈடுபாடு நல்லது என்ற வகைக் கூற்றுகளை ஒருவர் எவ்வளவு ஒப்புக்கொள்கிறார் என்று கேட்கிறார்கள். அதே ஆளிடம், உன் வேலை உனக்குப் பிடித்திருக்கிறதா, உன் நிறுவனத்திடம் உனக்குப் பற்று இருக்கிறதா என்றும் கேட்கிறார்கள். இரண்டு விடைகளும் ஒத்துப்போகின்றன என்பது கண்டுபிடிப்பு. சோம்பல் தீயது என்று தாளில் எழுதிக் கொடுக்கிற ஊழியர், அடுத்த பக்கத்தில் தன்னைச் சோம்பேறி என்று எழுதுவாரா? அந்தக் கூற்றுகளில் பலவற்றுக்கு ஒரு லுத்தரன் பாதிரியாரும் ஒரு செட்டிநாட்டு வணிகரும் அதே மனதோடு கையொப்பமிடுவார்கள். ஒருவர் ஐந்து வேளை தொழுதாரா, தொழுததால் அவர் வேலை எவ்வளவு மாறியது என்பதை அந்தத் தாள் அளக்கவே இல்லை.

உண்மையிலேயே அளந்து பார்த்த ஓர் ஆய்வு இருக்கிறது. மேடைகளில் அதன் பெயர் அடிபடுவதில்லை. ஃபிலிப் காம்பாந்தே, டேவிட் யானகிசாவா-ட்ராட் என்ற இரு பொருளியலாளர்கள் 2015இல் குவார்ட்டர்லி ஜர்னல் ஆஃப் எகனாமிக்ஸ் இதழில் வெளியிட்டது அது. சந்திர ஆண்டு சூரிய ஆண்டைவிடப் பதினோரு நாள் குறைவு என்பதால் ரமலான் ஆண்டுதோறும் முன்னால் நகர்ந்துகொண்டே வருகிறது. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர்களில் நோன்பின் நீளம் அதனால் பெரிதாக மாறாது. வடக்கே போகப்போக, கோடையில் வரும் ரமலானில் நோன்பு பல மணி நேரம் நீளும், குளிர்காலத்தில் சுருங்கும். மனிதர் யாரும் தேர்ந்தெடுக்காத இந்த வேறுபாட்டை வைத்து அவர்கள் நாடுகளை ஒப்பிட்டார்கள். நோன்பின் நேரம் நீளும்போது முஸ்லிம் நாடுகளின் பொருளாதார வளர்ச்சி குறைகிறது என்பது அவர்கள் கண்ட முதல் முடிவு. இரண்டாவது முடிவு: அதே நீண்ட நோன்பு, முஸ்லிம்கள் தங்கள் வாழ்க்கையைப் பற்றி உணரும் நிறைவைக் கூட்டுகிறது. மூன்றாவதுதான் முக்கியம். இந்தச் சரிவுக்குப் பசியால் வேலைத்திறன் குறைவது முதன்மைக் காரணம் அல்ல. வேலைக்கும் வழிபாட்டுக்கும் மக்கள் தரும் மதிப்பே மாறி, ரமலான் முடிந்த பிறகும் எவ்வளவு உழைப்பது, என்ன தொழில் செய்வது என்ற தேர்வுகளில் அது வெளிப்படுகிறது என்கிறார்கள். ஊக்கப் பேச்சாளருக்கு இது கெட்ட செய்தியாகத் தெரியலாம். மார்க்கத்தைப் பொறுத்தவரை இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? நோன்பு செய்ய வேண்டியதைச் செய்திருக்கிறது. மனிதரின் கண்ணில் காசின் மதிப்பைச் சற்று இறக்கி, வேறொன்றின் மதிப்பை ஏற்றியிருக்கிறது. அதற்கு வருந்துகிறவர், முதலிலேயே நோன்பை வேறு எதற்காகவோ நோற்கச் சொல்லியிருக்கிறார்.

தொழுகையின் நேர அமைப்பும் இந்த வாதத்துக்கு ஒத்துழைப்பதாக இல்லை. ஐந்து வேளை என்றதும் ஐந்து அலாரம் என்று கற்பனை செய்துகொள்கிறோம். லுஹர் உச்சி சாய்ந்ததும் தொடங்கி அஸர் வரும் வரை பல மணி நேரம் திறந்திருக்கும் வாசல். அதற்குள் பத்து நிமிடத்தில் கடமையை முடித்துவிடலாம். அஸர் எப்போது தொடங்குகிறது என்பதிலேயே ஊருக்கு ஊர் கணக்கு வேறு. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஷாஃபிஈ ஊர்களில் ஒரு பொருளின் நிழல் அதன் உயரத்துக்குச் சமமாக நீண்டால் அஸர். வாணியம்பாடி, ஆம்பூர் பக்கத்து ஹனஃபி பள்ளிகளில் இரண்டு மடங்கு நீள வேண்டும். இரண்டுக்கும் இடையில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் போய்விடும். பயணத்தில் இருப்பவருக்குச் சுருக்கித் தொழ அனுமதி உண்டு. மத்திய கால டமாஸ்கஸின் உமய்யா பள்ளிவாசலில் நேரம் கணிப்பதற்கென்றே இப்னுஷ் ஷாத்திர் போன்ற ஒரு பெரும் வானியலாளர் பணியில் இருந்தார். அவர் கணித்தது சூரியனை; பணியாளர்களின் வருகைப் பதிவை அல்ல. நிமிடக் கட்டுப்பாட்டைக் கற்பிப்பதுதான் தொழுகையின் நோக்கம் என்றால், நிமிட விஷயத்தில் சட்டம் இவ்வளவு தாராளமாக இருப்பானேன்? இதே தாராளம், தொழுகை வேலையைக் கெடுக்கிறது என்கிறவருக்கும் பதில்.

3. வசனத்தைப் பாதியில் நிறுத்துவது எந்த வகை நேர மிச்சம்? ஊழியரின் தகுதியைப் பற்றிப் பேசும் ஒவ்வொரு மேடையிலும் 28ஆம் அத்தியாயத்தின் 26ஆம் வசனம் வரும். மத்யனில் மூஸா (அலை) அவர்களை வேலைக்கு வைத்துக்கொள்ளும்படி தந்தையிடம் சொல்லும் பெண், கூலிக்கு அமர்த்தச் சிறந்தவர் வலிமையும் நம்பகமும் உள்ளவரே என்று காரணம் காட்டுகிறாள். திறமையும் நேர்மையும் வேண்டும் என்று இதிலிருந்து எடுத்துச் சொல்வதில் தப்பில்லை. ஆனால் பேச்சு அங்கேயே நின்றுவிடுகிறது. அடுத்த வசனத்தில் வாய் திறப்பவர் முதலாளி. எட்டு ஆண்டு என்று காலத்தை முதலிலேயே குறிப்பிட்டுவிடுகிறார். பத்தாக நிறைவு செய்தால் அது உம் விருப்பம் என்று கூடுதல் உழைப்பை உழைப்பவரின் தேர்வுக்கு விடுகிறார். உம்மைச் சிரமப்படுத்த நான் விரும்பவில்லை என்று வாக்குக் கொடுக்கிறார். அதற்கு அடுத்த வசனத்தில் மூஸா (அலை) தம் நிபந்தனையைச் சொல்கிறார்: இரண்டு தவணையில் எதை நான் முடித்தாலும் அதற்கு மேல் என்மீது வரம்பு மீறல் கூடாது. இருவர் பேச்சுக்கும் இறைவனே பொறுப்பாளன் என்று ஒப்பந்தம் முடிகிறது. கால வரையறை, கட்டாயமில்லாத கூடுதல் நேரம், சிரமம் தரமாட்டேன் என்ற முதலாளியின் உறுதிமொழி, தொழிலாளியின் எதிர் நிபந்தனை, சாட்சி. இன்றைய பணி நியமனக் கடிதங்கள் பலவற்றில் இதில் பாதிகூட இருப்பதில்லை. இது அவர் தம் மகளை மூஸாவுக்கு மணமுடித்துத் தருவதற்கான மஹர் பற்றிய ஒப்பந்தம்தானே என்று ஒருவர் கேட்கலாம். உண்மைதான், ஆனால் கூலி ஒப்பந்தம் செல்லும் என்பதற்கு ஃபிக்ஹ் அறிஞர்கள் காலங்காலமாகக் காட்டிவரும் ஆதாரங்களில் இதுவும் ஒன்று. ஊழியரின் தகுதிக்கு 26ஐ ஆதாரமாக்குகிறவர், முதலாளியின் கடமைக்கு 27ஐ ஆதாரமாக்கக் கூடாது என்று சொல்ல வழியில்லை.

83ஆம் அத்தியாயத்துக்கும் இதே கதிதான். அளவையில் மோசடி என்று அங்கே சொல்லப்படுவது எது என்பதை 2, 3ஆம் வசனங்களே விளக்கிவிடுகின்றன. மக்களிடமிருந்து அளந்து வாங்கும்போது முழுதாக வாங்குகிறார்கள். தாங்கள் அளந்தோ நிறுத்தோ கொடுக்கும்போது குறைக்கிறார்கள். வாங்குவதில் ஒரு அளவு, கொடுப்பதில் ஒரு அளவு என்ற இரட்டைப் படி பற்றிய எச்சரிக்கை இது. கைரேகைப் பதிவில் பத்து நிமிடம் தாமதமானால் அரை நாள் சம்பளத்தைப் பிடித்துவிட்டு, மாலை ஆறு மணிக்கு மேல் வாங்கும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு பைசாவும் தராத நிறுவனத்தைவிட இந்த வசனம் யாருக்குப் பொருத்தமாக இருக்கும்? பத்து நிமிடம் தாமதமாக வந்தவரைப் பார்த்து மட்டும் இதை ஓதுவது, வசனத்தையே குறைத்து அளந்து கொடுப்பது. மறுமையில் மூன்று பேருக்கு நானே எதிரி என்று இறைவன் சொல்வதாக புகாரியில் வரும் ஹதீஸில் மூன்றாமவர், ஆளை வைத்து வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலியைக் கொடுக்காதவர். அபூதர் (ரலி) வழியாக வரும் இன்னொரு ஹதீஸ், கீழே வேலை செய்கிறவர்களின் தலையில் அவர்களால் தாங்க முடியாததைச் சுமத்தாதீர்கள், சுமத்தினால் கூட நின்று உதவுங்கள் என்ற பொருளில் இருக்கிறது. அது அக்காலத்து அடிமைகளையும் பணியாளர்களையும் பற்றியது. அடிமைக்கே அந்த வரம்பு என்றால் ஒப்பந்தக் கூலிக்கு அதைவிடக் குறைவாக எப்படி இருக்கும்? இலக்கு நிர்ணயிக்கும் மேலாளர் கூட்டத்தில் இந்த ஹதீஸை ஓதிக் கேட்டவர்கள் உண்டா?

4. அப்படியானால் சோம்பேறிக்கு வக்காலத்தா? இந்தக் கேள்வி நிச்சயம் வரும். பதில் ஃபிக்ஹில் இருக்கிறது. ஊக்கப் பேச்சைவிடக் கறாரான பதில் அது. உழைப்பை விற்பவரை ஃபிக்ஹ் இரண்டு வகையாகப் பிரிக்கிறது. தையல்காரர், சலவைக்காரர் போலப் பலருக்கும் வேலை செய்து, முடித்த வேலைக்குக் கூலி வாங்குகிறவர் ஒரு வகை. குறிப்பிட்ட காலத்துக்கு ஒருவரிடம் மட்டும் தம் நேரத்தை ஒப்படைத்தவர் இன்னொரு வகை; மாதச் சம்பளக்காரர் எல்லாம் இதில் அடங்குவர். இரண்டாம் வகையினருக்குச் சட்டம் சொல்வது இதுதான்: அந்த நேரத்தில் வேலைக்குத் தயாராக வந்து நின்றாலே கூலிக்கு உரிமை வந்துவிடுகிறது, முதலாளி வேலை கொடுக்காவிட்டாலும் கூலி கொடுத்தாக வேண்டும். ஆனால் கொடுத்த வேலையைச் செய்ய மறுத்தால் கூலி கிடையாது. ஹனஃபி சட்டத்தைத் தொகுத்து 1869க்கும் 1876க்கும் இடையில் உஸ்மானிய அரசு வெளியிட்ட மஜல்லா சட்டத்தொகுப்பு இதை 425ஆம் பிரிவில் வைத்திருக்கிறது. நாள் கூலிக்கு ஆள் வைத்தால் சூரிய உதயத்திலிருந்து அஸர் வரையா, மக்ரிப் வரையா என்பதை ஊர் வழக்கம் தீர்மானிக்கும் என்றும் அதே தொகுப்பு சொல்கிறது. வேலை இல்லாமல் வீணாகும் நேரத்தின் நஷ்டம் யார் தலையில் என்பதைக் கவனியுங்கள். ஆர்டர் வரவில்லை, மின்சாரம் இல்லை, திட்டம் தள்ளிப்போனது என்பதெல்லாம் நேரத்தை விலைக்கு வாங்கியவரின் பொறுப்பு. பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறோம் என்று சொல்லி ஐடி நிறுவனங்கள் ஊழியரைக் குற்றவாளியைப் போல நடத்துவதற்கு இந்தச் சட்டத்தில் இடமே இல்லை.

தொழுகையைப் பற்றியும் அதே துல்லியம்தான். கடமையான தொழுகைக்கும் ஒளுச் செய்வதற்கும் ஆகும் நேரம் ஒப்பந்தத்திலிருந்து தானாகவே விலக்கு, அதற்காகக் கூலியைக் குறைக்க முடியாது என்று ஷாஃபிஈ நூல்கள் சொல்கின்றன. உபரியான நஃபில் தொழுகைக்கு அந்தச் சலுகை இல்லை. அது முதலாளி விலை கொடுத்து வாங்கிய நேரம், அவருடைய அனுமதி இல்லாமல் எடுக்க ஊழியருக்கு உரிமை கிடையாது. லுஹரின் ஃபர்ளைப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு, பள்ளிவாசல் திண்ணையில் முப்பது நிமிடம் பேசிக்கொண்டிருந்துவிட்டு வருகிறவருக்கு இதைவிடக் கடுமையான கண்டனம் வேறு வேண்டாம். ஆனால் கண்டனத்தின் காரணம் வேறு. அவர் உற்பத்தியைக் குறைத்தார் என்பதற்காக அல்ல, அடுத்தவர் ஹக்கை எடுத்தார் என்பதற்காகவே தவறு செய்தவர் ஆகிறார். ஒரு மணி நேரத்தில் முடியும் வேலையை அரை மணி நேரத்தில் முடிக்கிற கெட்டிக்காரராக அவர் இருந்தாலும் அது தவறுதான். எதிர்ப்பக்கமும் அப்படியே. சம்பளத்தை ஐந்தாம் தேதி தர வேண்டியவர் இருபதாம் தேதி தந்தால், அந்தப் பதினைந்து நாளில் தொழிலாளி எவ்வளவு உற்சாகமாக உழைத்தார் என்பது பொருட்டே இல்லை. இரு தரப்பையும் ஒரே அளவுகோலால் அளக்கும் இந்த நேர்த்தி, வேலைத்திறன் என்ற ஒற்றை அளவுகோலில் காணாமல் போகிறது.

5. யாருடைய அதிகாலை? அதிகாலையில் பரக்கத் என்ற ஹதீஸை அறிவிக்கும் ஸக்ர் அல்ஃகாமிதி (ரலி) ஒரு வணிகர். தம் சரக்குகளைக் காலையிலேயே அனுப்பி வைத்துச் செல்வந்தர் ஆனார் என்று அந்த அறிவிப்பே சொல்கிறது. எப்போது சரக்கை அனுப்புவது என்பது அவர் கையில் இருந்தது. அமெரிக்க நேரத்துக்கு வேலை பார்த்துவிட்டு நள்ளிரவு தாண்டி வீடு திரும்பும் சென்னை ஊழியரிடம், இரவுப் பணி முடித்த செவிலியரிடம், சுப்ஹுக்குப் பிறகு தூங்குகிறவன் வாழ்க்கையில் உருப்படமாட்டான் என்று சொல்வது எந்த வகை உபதேசம்? நேரத்தை மேலாண்மை செய்ய வேண்டும் என்றால் முதலில் அது கையில் இருக்க வேண்டும். தம் நேரத்தின் மீது அதிகாரம் இல்லாதவரிடம் மேலாண்மை பேசினால், அவருடைய தூக்கத்திலும் குடும்பத்திலும் கைவைக்கச் சொல்வதாகத்தான் அது முடிகிறது. அதை மார்க்கம் ஏற்பதில்லை. பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் தொழுகையுமாக இருந்த அபுத்தர்தாவை (ரலி) ஸல்மான் ஃபார்ஸி (ரலி) தடுத்து உறங்கச் சொன்னதும், இறைவனுக்கும் உடலுக்கும் மனைவிக்கும் அவரவர் உரிமையைக் கொடு என்று அறிவுறுத்தியதும், அதை நபியவர்கள் சரி என்று ஒப்புக்கொண்டதும் புகாரியில் இருக்கிறது. வழிபாடே குடும்பத்தின் பங்கைத் தின்னக் கூடாது என்றால், வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று 2023இல் நாராயண மூர்த்தி சொன்னதையும், 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என். சுப்பிரமணியன் 90 மணி நேரம் வரை கேட்டதையும் என்ன சொல்வது? அவர்கள் முஸ்லிம்களுக்கு என்று சொல்லவில்லை. ஆனால் நம் மேடையில் ஒலிக்கும் நேர மேலாண்மைப் பேச்சு அவர்களுக்கு இலவசமாக ஆள் பிடித்துக் கொடுக்கிறது.

முஸ்லிம்கள் நேரத்தைத் தொலைப்பதால்தான் பின்தங்கினார்கள் என்ற வாலையும் இங்கேயே வெட்டிவிடலாம். 2006இல் வெளிவந்த சச்சார் குழு அறிக்கை காட்டிய படம் வேறு. நிரந்தரச் சம்பள வேலைகளில், குறிப்பாக அரசு வேலைகளில், முஸ்லிம்களின் பங்கு குறைவு. சுயதொழிலிலும் தெரு வணிகத்திலும் சிறு பட்டறைகளிலும் அதிகம். தள்ளுவண்டிக்காரரும் தோல் பட்டறைக்காரரும் பீடி சுற்றும் பெண்ணும் எட்டு மணி நேரத்தில் எழுந்து போகிறவர்கள் அல்லர். அவர்களுக்கு இருக்கும் குறை முதலீடு, கடன் வசதி, சந்தை, பள்ளிக்கூடம் ஆகியவை போதாதது. அதை நேர ஒழுக்கத்தின் குறையாக மாற்றிச் சொல்வது, வறுமைக்குக் காரணம் வறியவரின் குணம்தான் என்று வசதியானவர்கள் எக்காலத்திலும் சொல்லிவந்த பழைய கதைக்குத் தொப்பி போட்டு விடுவது.

கூலி கொடுப்பவரின் கடமை என்ற விஷயத்தில் வளைகுடா நாடுகள் புனிதர்கள் அல்ல. சம்பளம் நிலுவையில் வைக்கப்பட்ட தமிழ்த் தொழிலாளர்களின் கதைகள் ராமநாதபுரம் முதல் அம்பாறை வரை எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அங்கே நடந்த நல்லவை எப்படி நடந்தன என்று பார்ப்பது பயன் தரும். ஐக்கிய அரபு அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நண்பகல் 12.30 மணியிலிருந்து 3 மணி வரை வெட்டவெளியில் வேலை வாங்கத் தடை. ரமலானில் வேலை நேரம் நாளுக்கு இரண்டு மணி நேரம் குறைவு. சவூதித் தொழிலாளர் சட்டத்தில் முஸ்லிம் தொழிலாளிக்கு ரமலானில் நாளொன்றுக்கு ஆறு மணி நேரம்தான். வெயிலில் கம்பி கட்டும் தொழிலாளியிடம் நேரத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்து என்று யாரும் பயான் செய்து இது வரவில்லை; இத்தனை மணிக்கு மேல் வேலை வாங்காதே என்று முதலாளியிடம் சட்டம் சொன்னதால் வந்தது. வெள்ளிக்கிழமை விஷயமும் கவனிக்கத்தக்கது. அமீரகம் 2022இல் வார விடுமுறையைச் சனி, ஞாயிறுக்கு மாற்றி, வெள்ளியை அரை நாள் வேலை நாளாக்கி, ஜும்ஆ உரையை அப்போது 1.15 மணிக்கு நிர்ணயித்தது. மார்க்கத்துக்கு இதில் முரண் எதுவும் இல்லை. பாங்கு சொன்னதும் வியாபாரத்தை விட்டு வாருங்கள், தொழுது முடித்ததும் பூமியில் பரவிச் சென்று இறைவனின் அருளைத் தேடுங்கள் என்பதுதான் 62ஆம் அத்தியாயத்தின் கட்டளை. நாள் முழுக்க ஓய்வு என்று அது கேட்கவே இல்லை. கேட்பது கொஞ்ச நேரம். ஆனால் அந்தக் கொஞ்ச நேரத்துக்கு விலை பேசக் கூடாது என்கிறது.

6. காலத்தின் மீது சத்தியமிடும் அத்தியாயத்தை நேர மேலாண்மையின் சாசனமாகக் காட்டுவதற்கு நீண்ட பதில் தேவையில்லை. மனிதர் நஷ்டத்தில் இருக்கிறார் என்று சொல்லும் அந்தச் சிறிய அத்தியாயம், நஷ்டத்திலிருந்து தப்புகிறவர்களையும் அடுத்த வசனத்திலேயே பட்டியலிட்டுவிடுகிறது: நம்பிக்கை, நற்செயல், ஒருவருக்கொருவர் சத்தியத்தையும் பொறுமையையும் எடுத்துச் சொல்வது. வேகம் அதில் இல்லை, இலக்கு இல்லை. கடைசி இரண்டும் தனியாளாகச் செய்யவே முடியாதவை.

கடைசியாக ஒரு நடைமுறை ஆட்சேபம் மிஞ்சுகிறது. கொள்கை சரி, ஆனால் மேலாளரிடம் உற்பத்தி என்று சொன்னால்தானே பத்து நிமிடம் கிடைக்கும் என்பார்கள். தனியார் நிறுவனத்தை அரசியல் சாசனத்தின் மதச் சுதந்திரம் பற்றிய 25ஆம் பிரிவு நேரடியாகக் கட்டுப்படுத்தாது என்பது உண்மையே. ஆனால் பத்து நிமிடம் கேட்க உற்பத்தி வாதம் எதற்கு? தேநீர் இடைவேளையை யாரும் உற்பத்தி காட்டிக் கேட்பதில்லை. எனக்கு இது கடமை, இத்தனை நிமிடம் ஆகும், ஒப்பந்தத்தில் எழுதுங்கள், வேண்டுமானால் ஈடு செய்கிறேன் என்று சொல்லலாம். ஒப்பந்தமாக வாங்கியதை அடுத்த மேலாளர் வந்து ஓர் ஆய்வைக் காட்டிப் பிடுங்குவது கடினம்; உற்பத்திக் காரணம் காட்டி வாங்கியதை, அசாமில் அதே காரணம் சொல்லிப் பிடுங்கியதுபோலப் பிடுங்கலாம். 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைத் திருத்தத்தை நிறைவேற்றியபோது தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்தன. மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டது. தொழிலாளர்களின் நேரத்தை மீட்டுக் கொடுத்தது அந்த எதிர்ப்பு.

நேர மேலாண்மைப் பயானை நிகழ்த்துகிறவரின் நேரத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டியிருக்கிறது. நம் ஊர்ப் பள்ளிவாசல்களில் இமாமும் முஅத்தினும் சுப்ஹு பாங்குக்கு முன்னால் எழுகிறார்கள். இஷா முடிந்து கதவைப் பூட்டும்போதுதான் அவர்கள் நாள் முடிகிறது. நடுவில் மக்தப், ஜனாஸா, நிக்காஹ், வசூல் சீட்டு. வாரத்தில் ஏழு நாள். பல ஜமாஅத்துகளில் விடுப்புக்கு விதி இல்லை, பணி நியமனக் கடிதம் இல்லை; நாளைக்கு வரவேண்டாம் என்றால் கேட்க ஆள் இல்லை. சம்பளம் எவ்வளவு என்பதை வெளியே சொல்ல ஜமாஅத்துக்கே கூச்சம். காலத்தைக் குறிப்பிட்டு, கூடுதல் நேரத்தை அவர் விருப்பத்துக்கு விட்டு, சிரமப்படுத்தமாட்டோம் என்று எழுத்தில் வாக்குக் கொடுக்கும் 28ஆம் அத்தியாயத்தின் 27ஆம் வசனத்தை முத்தவல்லிகள் அந்தப் பள்ளிவாசல் அலுவலகத்திலேயே செயல்படுத்தத் தொடங்கலாம். அதற்கு வக்ஃபு வாரியத்தின் உத்தரவு எதுவும் தேவையில்லை. அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தின் தீர்மானப் புத்தகத்தில் ஒரு பக்கம் போதும்.